ஆணிக் கனம்

“உங்க இஷ்டம் தம்பி” என்று மேஸ்திரி சொல்லி வருகிற சித்திரையோடு ஒரு வருஷம் ஆகிறது. சொன்னபோது அவர் வாயில் நாலைந்து ஆணிகள் இருந்தன. தச்சர்கள் ஆணியை உதட்டோரம் கவ்விக்கொண்டே பேசுவார்கள். அப்படிப் பேசும்போது சொல் மட்டும்தான் வெளியே வரும். குரலின் ஏற்ற இறக்கமெல்லாம் ஆணிகளுக்குப் பின்னாலேயே தங்கிவிடும். அதனால் அவர் சலித்துக்கொண்டு சொன்னாரா, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு சொன்னாரா, கைகழுவினாரா, நிஜமாகவே என் விருப்பத்துக்கு விட்டாரா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. வண்டி இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது. மல்லி ஏற்றுகிறோம், உளுந்து ஏற்றுகிறோம், தீப்பெட்டி பண்டல் ஏற்றுகிறோம். லோடை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது தளப்பலகைகள் தடதடக்கிற சத்தத்துக்குள் அந்தச் சொல் எங்கிருந்தோ கிளம்பி வந்துவிடுகிறது. கோபித்திருந்தால் மறந்திருப்பேன். வாதாடியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். என் இஷ்டத்தை என் கையிலேயே கொடுத்துவிட்டு இழைப்புளியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்ட மனிதரை என்ன செய்வது?

வண்டி அப்பாவுடையது. 1991இல் வாங்கிய டாடா 407. அந்த மாடல் சந்தைக்கு வந்தது 1986இல். எங்கள் மாவட்டம் திருநெல்வேலியிலிருந்து பிரிந்ததும் அதே வருஷம். அப்பா இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார், ஒன்றுக்காக இன்னொன்று வந்ததுபோல. அப்போது டொயோட்டா, மஸ்தா, மிட்சுபிஷி, நிசான் என்று ஜப்பான்காரர்கள் இங்குள்ள கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்து சின்ன லாரிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு மல்லுக்கு நின்று தாக்குப்பிடித்தது 407. புனே வண்டி என்று பேர்தான், அங்கிருந்து வந்தது எஞ்சினும் கேபினும் சேசிஸும் மட்டும். சுமை தாங்குகிற பின்பாதியை அவரவர் ஊர்ப்பக்கம்தான் கட்டிக்கொண்டார்கள். பெரிய லாரி என்றால் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி என்று போவார்கள். கேபின்கூட இல்லாத வெறும் சேசிஸில், கள்ளிப்பெட்டிப் பலகையில் அடித்த இருக்கையில், தலையோடு முகத்தையும் சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு பாடி கட்டப் போகும் டிரைவர்களை நெடுஞ்சாலையில் சின்ன வயதில் நிறையப் பார்த்திருக்கிறேன். எலும்புக்கூடு ஒன்று ஆளைச் சுமந்துகொண்டு போவதுபோல இருக்கும். எங்கள் வண்டிக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. எட்டயபுரம் சாலைப் பக்கம் ஒரு கொட்டகையிலேயே வேலை முடிந்தது. பத்தடி நீளம், ஆறடி அகலம். கீழே குறுக்குக்கட்டை நாட்டுக்கருவேலம், மேலே தளப்பலகை வேங்கை. இரும்புத் தகட்டில் போட்டால் என்ன என்று அன்றைக்கே யாரோ கேட்டிருக்கிறார்கள். தூத்துக்குடி உப்பு ஏற்றுகிற வண்டிக்கு இரும்புத் தளம் ஆகாது என்றாராம் அப்பா. உப்பு தகட்டை ஒட்டுப்போட்ட இடமாகப் பார்த்துத் தின்னும். மரத்தை ஒன்றும் செய்யாது, போல்ட்டைத்தான் தின்னும், போல்ட்டை மாற்றிக்கொள்ளலாம்.

அப்பா போய் நாலு வருஷம். எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி காட்ட வேண்டும். அந்த முறை தளத்தைப் பார்த்தால் ஆள் ஏறி நிற்கவே பயமாக இருந்தது. பிரித்தே ஆக வேண்டும் என்று மேஸ்திரியிடம் கொண்டுபோனேன். முதல் பலகையை நெம்பி எடுத்ததும் அவர் வேலையை நிறுத்திவிட்டுப் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இறுகிப்போயிருந்த கறுப்பு வரியை ஒடிந்த ரம்பப் பிளேடால் சுரண்டி எடுத்து ஒரு சாக்கில் கொட்டினார். முதலில் வெறும் மண் என்றுதான் நினைத்தேன். உள்ளங்கையில் வைத்து உதிர்த்தால் பாதி பாதியாக உடைந்த மல்லி, உளுந்துத் தோல், விளாத்திகுளம் மிளகாய் விதை, கரித்தூள், தீக்குச்சியிலிருந்து உதிர்ந்த மருந்துப் பொட்டுகள், 2011இல் செல்லாமல் போன இருபத்தைந்து பைசா ஒன்று. அத்தனையையும் கரிசல் மண் பசைபோலப் பிடித்து வைத்திருந்தது. மிளகாய் நெடி மூக்கில் ஏறி இரண்டு பேரும் மாறி மாறித் தும்மினோம். “உங்கப்பா யாவாரம் பூரா இங்கதான் கெடக்கு” என்றார் மேஸ்திரி. சிரித்தேன். ஆனால் அந்தச் சாக்கைப் பார்க்கப் பார்க்க என் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. இடுக்கில் தங்கியதே இவ்வளவு என்றால் இடுக்கு வழியாக ரோட்டில் உதிர்ந்தது எவ்வளவு? சாக்கு கிழிந்தால் ஒரு நடைக்கு ஒரு கை மல்லியாவது போயிருக்காதா? முப்பது வருஷத்துக்கு எத்தனை நடை? அப்பா ஏன் இதைக் கவனிக்கவே இல்லை?

புதுப் பலகைகளை அடுக்கி அளந்துகொண்டிருந்தபோது சொன்னேன், இந்தத் தடவை இடைவெளியே வேண்டாம், ஒட்டி அடியுங்கள் என்று. மேஸ்திரி உடனே மறுக்கவில்லை. ஓர் ஆணியை எடுத்து இரண்டு பலகைகளுக்கு நடுவில் நிறுத்தி, பலகைகளை நெருக்கிப் பிடித்துக் காட்டினார். “இந்த ஆணிக் கனமாவது விட்டு அடிச்சாத்தான் தம்பி நிக்கும்.” நான் சென்னையில் ஒரு வீட்டில் பார்த்த மரத்தரையைப் பற்றிச் சொன்னேன், ஊசி நுழையாமல் ஒட்டியிருந்ததே, அது நிற்கவில்லையா? ஏசி போட்டு ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கும் வீட்டையும் கரிசல்காட்டுப் பாதையில் மழையிலும் வெயிலிலும் கிடக்கிற வண்டியையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறோமே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியிருக்கும். எடுத்த ஆணியை மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டார், ஏற்கனவே இருந்தவற்றோடு. அதற்குப் பிறகுதான் அந்தச் சொல். சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு பலகைகளும் ஒன்றோடொன்று கன்னம் ஒட்டிப் படுத்துவிட்டன. கையால் தடவினால் ஒரே பலகைபோல வழுக்கிக்கொண்டு போனது. பட்டறைப் பையன் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் காட்டினான். ஒரு சொட்டுக் கீழே இறங்கவில்லை. அந்த அழகில் அசந்துபோய்ப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பினேன்.

மரம் செத்த பிறகும் தண்ணீர் குடிக்கிறது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். நீளவாக்கில் அது ஏறக்குறைய அசைவதே இல்லை. அகலவாக்கில்தான் ஊதும், சுருங்கும். அதிலும் வளையங்களை ஒட்டிப் போகும் திசையில், வளையங்களைக் குறுக்கே வெட்டும் திசையைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆறு அங்குலப் பலகை ஈரம் ஏறி இரண்டு மில்லிமீட்டர் ஊதுகிறது என்று வைத்துக்கொண்டாலும் பன்னிரண்டு பலகைக்கு இருபத்து நான்கு மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலம். ஆறடிக்கு மேல் இடமில்லாத பெட்டிக்குள் அந்த ஓர் அங்குலம் எங்கே போகும்? நான் ஒட்டி அடிக்கச் சொன்னதோ சித்திரையில், வருஷத்திலேயே மரம் மிக ஒடுங்கிக் கிடக்கும் மாதத்தில். இதற்குப் புத்தகம் எதற்கு? நான் நடக்கப் பழகிய மண்ணே வருஷா வருஷம் இதைத்தான் செய்து காட்டுகிறது. கோடையில் கரிசல் வெடித்துக் கிடக்கும், பிள்ளைகளின் கால் உள்ளே போய்விடும். மழை பெய்ததும் வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டு, நேற்றுவரை வாயைப் பிளந்து கிடந்த நிலமா என்று கேட்கத் தோன்றும். களிமண்ணின் குணம் அது. வெடித்த காலத்தில் மேல்மண் உள்ளே விழுகிறது, ஊதும்போது அடிமண் மேலே தள்ளப்படுகிறது. மண் தன்னைத்தானே புரட்டிக்கொள்வதால் விஞ்ஞானிகள் லத்தீனில் புரட்டுதல் என்று பொருள்படும் சொல்லை வைத்தே இதற்கு வெர்ட்டிசால் என்று பெயரிட்டிருக்கிறார்கள். கோவில்பட்டியில் 1901இலிருந்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இந்த மானாவாரி மண்ணையும் இதில் விளைகிற பயிரையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. வீடு கட்டுகிறவர்கள் வானம் தோண்டினால் கரிசலை அள்ளி எறிந்துவிட்டு மணலும் சரளும் போட்டு நிரப்புகிறார்கள். அப்படியும் கதவு மழைக்காலத்தில் நிலையோடு மல்லுக்கட்டும். தாத்தாவிடம் மாட்டுவண்டி இருந்த காலத்தில் கோடையில் சக்கரத்தின் வட்டை சுருங்கி, இரும்புப் பட்டை கழன்றுவிடப் பார்க்கும். தூரப்பயணம் என்றால் முதல்நாளே சக்கரங்களைக் கண்மாய்த் தண்ணீரில் போட்டு வைப்பார். ஊறி உப்பி, விடியும்போது பட்டை கிண்ணென்று பிடித்துக்கொள்ளும். தண்ணீருக்குள் கிடந்த அந்தச் சக்கரத்தின் மேல் நின்று குதித்து விளையாடியவன் நான். காலுக்குத் தெரிந்தது தலைக்கு ஏன் ஏறவில்லை?

இந்த இடத்தில் மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய குறுக்குக்கட்டைகள் முப்பது வருஷம் கழித்தும் இரும்பு மாதிரி இருந்தன. இரண்டை மட்டும் மாற்றினோம். இந்தப் பக்கத்துக் கலப்பையும் வண்டியும் நாட்டுக்கருவேலத்தில்தான் பிறந்தன. பலகைக்கு வேங்கை தேடியபோது கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு “மலேசியன் சால்” எடுத்தேன். பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. சால் மரம் மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் வளர்வது. மலேசியாவிலிருந்து வருவது அதன் பங்காளி மரம். விற்பதற்காக அண்ணன் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறது. வருஷம் முழுக்க மழை பெய்யும் காட்டில் வளர்ந்து, கடல் தாண்டிக் கப்பலில் வந்து இறங்கி, அறுபட்டு, எங்கள் ஊர்ப் பங்குனி வெயிலில் சில வாரம் காய்ந்த மரம் அது. கரிசல் கோடையையும் கரிசல் மழையையும் முன்பின் கண்டதில்லை. அதற்குத்தான் நான் ஆணிக் கனம்கூட இடம் விட மாட்டேன் என்றேன். கடையிலிருந்து பலகையை ஏற்றிக்கொண்டு வரும் வழியெல்லாம் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மரம்தான், கண்ணுக்கெட்டிய தூரம்வரை சீமைக்கருவேலம். கோணலும் முறுக்குமாக வளர்வதால் ஓர் ஆறடிப் பலகை அதில் தேறாது. வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி மூட்டையில் ஏற்றுகிறோம், அதே வண்டியில். போன நூற்றாண்டுக்கும் முந்தின நூற்றாண்டில் விறகுப் பஞ்சத்துக்காக வெளிநாட்டிலிருந்து விதை கொண்டுவந்து போட்ட மரம், பக்கத்தில் இன்னொரு செடி தலைதூக்க இடம் விடாமல் ஊரை நிரப்பிவிட்டது. அதைக் குறை சொல்லி நானே பல மேடைப் பேச்சுகளுக்குத் தலையாட்டியிருக்கிறேன். பலகையை ஒட்டி அடிக்கச் சொன்ன வாய்க்கு அந்தத் தலையாட்டல் பொருந்துமா என்று இப்போது யோசிக்கிறேன்.

எங்கள் பக்கம் வருஷத்துக்கு எழுநூறு மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் மழை. அதிலும் பெரும்பாதியை ஐப்பசியும் கார்த்திகையும் கொடுத்தால்தான் உண்டு. போன ஐப்பசி ஏமாற்றிவிட்டுக் கார்த்திகையில் விடாமல் மூன்று நாள் பெய்தது. வண்டி காலியாக வீட்டு வாசலில் நின்றது. பழைய தளமாக இருந்தால் மழைத்தண்ணீர் இடுக்கு வழியே அப்போதைக்கப்போது வடிந்து போயிருக்கும். புதுத்தளம் ஒரு சொட்டையும் விடாமல் தேக்கி வைத்தது. சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பெருமைப்பட்டோமே, அதே பெருமைதான். இரண்டாம் நாள் ராத்திரி தேங்காய் விழுந்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. எங்கள் தெருவில் தென்னை கிடையாது. விடிந்து பார்த்தால் நடுவில் இரண்டு பலகைகள் போல்ட்டைப் பிடுங்கிக்கொண்டு கூடாரம்போல எழும்பி நின்றன. பக்கப்பலகை வெளியே பிதுங்கிப் பின்டோர் கொண்டியில் மாட்ட மறுத்தது. கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். மரம் அவ்வளவு பலத்தோடு எதிர்த்துத் தள்ளும் என்று நான் நினைத்ததே இல்லை. கோபம் வரவில்லை. திருடும்போது பிடிபட்டவனுக்கு வருகிற கூச்சம்தான் வந்தது.

மேஸ்திரியிடம் போகவே மூன்று நாள் தள்ளிப்போட்டேன். “அன்னைக்கே சொன்னேன்ல” என்று ஒரு வார்த்தை வரும், அதைக் கேட்டுக்கொள்ள மனசைத் தயார் செய்துகொண்டு போனேன். அவர் அதைச் சொல்லவில்லை. எழும்பி நின்ற பலகையின் முதுகை உள்ளங்கையால் ஒருதரம் நீவினார், மாட்டைத் தடவிப் பார்ப்பதுபோல. பிறகு வண்டிக்கு அடியில் ஸ்பேனரோடு நுழைந்தார். நானும் குனிந்து பார்த்தேன். மற்ற பலகைகளின் போல்ட் முனைகளெல்லாம், நட்டு கழன்றுவிடாதபடி சுத்தியலால் அடித்து நசுக்கப்பட்டிருந்தன; அறுத்தால்தான் வரும். இடது ஓரப் பலகைக்கு மட்டும் முனைகள் நசுக்கப்படாமல் கிரீஸ் தடவி இருந்தன. பத்தே நிமிஷத்தில் அந்தப் பலகையைக் கழற்றி வெளியே எடுத்தார். எடுத்ததும் மற்றதெல்லாம் மெல்ல முனகிக்கொண்டு ஓரத்தைப் பார்த்துத் தளர்ந்தன, எழும்பி நின்ற இரண்டும் பாதி அமர்ந்தன. “இப்ப அறுத்து எடைவெளி விட்டம்னா கோடையில எலி போகும். தை கழியட்டும். அதுவரை இப்பிடியே ஓட்டுங்க.” ஆணிக் கனம் விட மறுத்த நான் அரையடிப் பள்ளத்தோடு இரண்டரை மாதம் வண்டி ஓட்டினேன். சாக்கை மடித்துத் திணித்து, அதன் மேல் தகரம் போட்டு, அப்படியும் போகிற வழியெல்லாம் உளுந்து சிந்தியது. மாசியில் போனபோது கை மெஷினால் ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் ஓர் ஓட்டு ஓட்டினார். ரம்பம் தின்றுவிட்டுப் போன தடமே இடைவெளியாக நின்றது. ஓர் ஆணியை அதில் செருகிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார்.

அந்தக் கிரீஸ் தடவிய நட்டுகள்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தவை. நான் தப்பாகச் சொல்கிறேன் என்று தெரிந்து, வாதாடாமல், நான் திரும்பி வருவதற்கு ஒரு வழியைச் சித்திரையிலேயே வைத்துவிட்டாரா? அப்படியானால் அந்தச் சொல்லுக்குள் அவர் எனக்காக விட்ட இடம் இருந்திருக்கிறது. பட்டறைப் பையனிடம் தனியாகக் கேட்டேன். “எல்லா வண்டிக்கும் ஒரு பலகைய அப்பிடித்தாண்ணே விடுவாரு” என்றான். ஆக, அது எனக்காக இல்லை. இதில் ஏன் எனக்குச் சின்ன ஏமாற்றம் வர வேண்டும்? ஒட்டி அடிக்கச் சொல்லும் ஆட்களும் விட்டு அடிக்கச் சொல்லும் ஆட்களும் வந்து போகிறார்கள், அவர் எல்லாருக்கும் ஓரத்தில் ஒரு பலகையை விட்டு வைக்கிறார். கரிசல் வட்டாரப் பேச்சுக்கு 1982இலேயே அகராதி போட்ட கி. ராஜநாராயணனின் இடைசெவல் இங்கிருந்து பக்கம்தான். பலகை நடுவே விடுகிற அந்த இடத்துக்குத் தச்சர்களிடம் தனிப்பெயர் இருக்குமோ என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். மேஸ்திரி வாயில் பெயர்ச்சொல் எதுவும் வரவில்லை. “விட்டு” என்று வினைச்சொல்லோடு சரி. விட்டு அடி, விட்டுக் கட்டு, விட்டுப் பிடி, விட்டுக்கொடு. ஒரு வேலையை முடித்தாலும் செய்துவிட்டேன் என்கிறோம். முடித்ததும் கையைவிட்டுப் போனதும் அதே சொல்லில் இருக்கின்றன. ‘உங்க இஷ்டம்’ என்பதும் இந்த விடுதலில் சேருமா, அல்லது பட்டறைக்கு வருகிற முதலாளியோடு வாயாடிப் பிழைக்க முடியாது என்று தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொண்ட மௌனமா? எனக்கு ஞானமாகத் தெரிவது அவருக்கு வெறும் அசதியாக இருக்கலாம். கூலி கொடுக்கிறவன் கூலி வாங்குகிறவரின் மௌனத்துக்கு அழகான பொருள் சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அந்தச் சௌகரியத்தை நான் நம்பவில்லை. முழுசாகத் தள்ளவும் முடியவில்லை.

மாசியில் வேலை முடிந்த அன்று பலகையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் துண்டால் தட்டிவிட்டு அவர் பீடி பற்றவைத்தார். சித்திரையில் முழுக்கூலி கொடுத்தாயிற்று. கெட்டது என் சொல்லால், கார்த்திகையில் கழற்றியதும் இப்போது அறுத்ததும் அவர் வேலை. “எவ்வளவு மேஸ்திரி?” என்றேன். இந்தத் தடவை வாயில் ஆணி இல்லை, பீடிதான் இருந்தது. அதையும் எடுத்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார்: “உங்க இஷ்டம் தம்பி.” முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பர்ஸைத் திறந்தபடி நின்றேன். குறைத்தால் என்னைப் பற்றி ஒன்று தெரிந்துவிடும், கூட்டினால் இன்னொன்று தெரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு விட வேண்டும் என்று அளந்து பார்க்கக் கையில் ஆணி இல்லை. ஏதோ ஒரு கணக்கில் எடுத்து நீட்டினேன். எண்ணிப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பின்டோர் கொண்டி சரியாக விழுகிறதா என்று இன்னொருதரம் போட்டுப் பார்க்கப் போனார்.